பிந்தி வந்த குண்டு

அத்தியாயம் 4

மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.42 மணி. ரயில் பாதைக்குப் பின்புறம் பழைய நூல் கிடங்கில் இயங்கும் பொம்மைத் துப்பாக்கி விளையாட்டான ஏர்சாஃப்ட் கிளப்பின் இறுதிப் போட்டியில், வலது பக்கத் தகரத் தட்டில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குண்டு பட்டது. இடது பக்கத் தட்டில் இன்னொரு குண்டு அரை நொடி பிந்திப் பட்டது.

பிந்திய குண்டின் சொந்தக்காரர் செவ்வாய்க்கிழமை காலை துப்பறிவாளரின் அலுவலகத்துக்கு மாடியேறி வந்தார். ஒரு கையில் நீளமான துப்பாக்கிப் பை, மறு கையில் பிஸ்கட் டப்பா. கிளப்பில் அவரை எல்லோரும் கேப்டன் என்று அழைத்தார்கள். பேக்கரி முதலாளி. ஆறு நாள் ரொட்டி சுடுவார், ஏழாம் நாள் ஆளைச் சுடுவார். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் குண்டு என்பதால் இதுவரை யாரும் சாகவில்லை.

துப்பறிவாளர் ஒரு பெண்மணி, பத்தொன்பது வருடம் தராசு முத்திரை ஆய்வாளராக இருந்தவர். எடைக்கல்லுக்குள் ஈயத்தை எடுத்துவிட்டு மெழுகை ஊற்றி வைத்த கில்லாடிகளையெல்லாம் கையும் களவுமாகப் பிடித்தவர். அளந்து பார்க்காத எதையும் நம்பமாட்டார். எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த உதவியாளர் அவருடைய நாத்தனார், கணவரின் தங்கை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திய காலத்தில் படியேறும்போதே உள்ளே யார் எத்தனை வேகத்தில் தட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுவார். இன்ஸ்டிடியூட்டை மூடிய பிறகு காது சும்மா இருந்தது. வாய் என்றைக்கும் சும்மா இருந்ததில்லை.

கேப்டன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். இறுதிப் போட்டியின் விதி எளிது. மணி அடிக்கும். யார் தட்டில் முதலில் குண்டு படுகிறதோ அவருக்குக் கோப்பை. எதிரே நின்றவர் பல் டாக்டர். விசையை முதலில் இழுத்தது தான்தான் என்று கேப்டன் சத்தியம் செய்தார். துப்பாக்கிதான் யோசித்து யோசித்துச் சுட்டது. போன வாரம்வரை விரல் அசைவதற்குள் குண்டு போய்ச் சேரும். அப்படி முறுக்கேற்றிக் கொடுத்தவர் கிளப் மெக்கானிக், கேப்டனின் சொந்தத் தங்கை புருஷன். பல் டாக்டரின் துப்பாக்கியையும் அவரேதான் சரிசெய்தார். தன் துப்பாக்கியில் இருந்த நல்ல மோட்டாரை மெக்கானிக் கழற்றி அதில் மாட்டிவிட்டு, தனக்கு ஏதோ சொத்தை மோட்டாரைச் செருகிவிட்டார் என்பது கேப்டனின் கட்சி. இன்று மாலை ஐந்து மணிக்குக் கமிட்டி கூடுகிறது. ஆதாரத்தைக் கொடுத்துவிட்டால் மெக்கானிக்கைக் கிளப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

"மாப்பிள்ளைன்னு பாக்க மாட்டேன் மேடம். நியாயம்னா நியாயம்."

"அப்ப நீங்க துப்பறியச் சொல்லி வரல. நீங்களே கண்டுபிடிச்சாச்சு, ரப்பர் ஸ்டாம்ப் குத்த வந்திருக்கீங்க" என்றார் நாத்தனார்.

கேப்டன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேக்கரிக் கல்லாவில் உட்காருவது அவர் தங்கைதான் என்றும், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் தன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்றும், கடை சாவியைக்கூட மேசையில் வைத்து விரலால் தள்ளுகிறாள் என்றும் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் கம்மியது. பிறகு துப்பாக்கியையும் டப்பாவையும் வைத்துவிட்டுக் கிளம்பினார். டப்பா அன்பளிப்பு. ஒழுங்காக வந்த பிஸ்கட் கண்ணாடி அலமாரிக்கும், கோணல்மாணலாக வந்தது தெரிந்தவர்களுக்கும் என்பது அவர் பேக்கரியின் வழக்கம்.

நாத்தனார் டப்பாவைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு அண்ணியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒன்னைக் கடிச்சிட்டுத் திரும்ப உள்ளயே வெச்சிருக்கீங்க."

"நான் டப்பாவைத் தொடவே இல்ல."

"அப்ப இது தானா தேய்ஞ்சுதா? தேய்பிறை மாதிரி இருக்கு."

துப்பறிவாளர் அந்த பிஸ்கட்டை வாங்கிப் பார்த்தார். வட்டமான பிஸ்கட்டின் ஓரத்தில் பிறைபோல ஒரு துண்டு இல்லை. குழிந்த வளைவு வழவழப்பாக இருந்தது. வளைவின் நடுவில் மட்டும் மெல்லிய கோடுபோல ஒரு மேடு.

"எந்தப் பல்லும் இவ்வளவு ஒழுங்கா வட்டம் போடாது" என்றார்.

"எங்க அண்ணன் உங்களைப் பொண்ணு பாத்துட்டு வந்த அன்னைக்கே உங்க பல்வரிசையைப் புகழ்ந்தாரு" என்ற நாத்தனார், எச்சில் பண்டத்தைத் தின்னவும் மாட்டேன், சாட்சியைத் தூக்கி எறியவும் மாட்டேன் என்று அதை ஒரு பழுப்புக் கவரில் போட்டு, தேதி எழுதி, டிராயரில் வைத்துப் பூட்டினார். வழக்கு எண்ணாக "அண்ணி" என்று எழுதியிருந்தார்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு இருவரும் கேப்டனின் துப்பாக்கியோடு நூல் கிடங்கின் வாசலில் நின்றார்கள். கிளப் செயலாளர் ஓய்வுபெற்ற நூலகர். நாத்தனாரின் கைப்பையை எட்டிப் பார்த்தவர், தண்ணீர் பாட்டிலை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவதுபோல வெளியே எடுத்தார்.

"விதி பதினாலு. உள்ள எல்லாம் மின்சாரத் துப்பாக்கி. தண்ணி பாட்டில் கொண்டு வர்ற மெம்பர் ஒரு மாசம் வெளிய இருக்கணும்."

"நான் மெம்பர் இல்லையே."

"அதனாலதான் பாட்டிலை மட்டும் வாங்கறேன்."

சுவரில் நாற்பத்திரண்டு விதிகள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின. முப்பத்தொன்பதைக் கேப்டனே எழுதியதாகச் செயலாளர் கொஞ்சம் களைப்போடு சொன்னார். பிறகு ஞாயிற்றுக்கிழமைப் போட்டியின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். ஒலிவாங்கி கேப்டன் நின்ற பக்கம் இருந்தது. நாத்தனார் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, மூன்று முறை கேட்டார்.

"மணி அடிக்குது. முதல் கிளிக் கிட்டத்துல. ரெண்டாவது கிளிக் தூரத்துல. ஆனா டப்புன்னு முதல்ல கேக்கறது தூரத்துலேருந்து. கிட்டத்து டப்பு சாவகாசமா, செருப்பு தேடிப் போட்டுக்கிட்டு வருது."

அதாவது கேப்டன் பொய் சொல்லவில்லை. அவர் விரல்தான் முந்தியது. விசைக்கும் குண்டுக்கும் நடுவில் ஏதோ தூங்கியிருக்கிறது. துப்பறிவாளர் இதைத் தன் நோட்டில் எழுதினார். ஒரு தராசு பொய் சொன்னால் தட்டும் முள்ளும் பொய் சொன்னதாகாது, உள்ளே ஏதோ ஒரு துண்டுதான் பொய் சொல்கிறது என்பது அவருடைய பத்தொன்பது வருட அனுபவம்.

செயலாளர் பரிசோதனைப் பதிவேட்டையும் காட்டினார். வியாழக்கிழமை எல்லாத் துப்பாக்கிகளையும் கணக்கிடும் கருவியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கேப்டன் துப்பாக்கி: நொடிக்கு இருபத்தெட்டு குண்டு. இப்போது அதே துப்பாக்கியைச் செயலாளர் சாக்குப் படுதாவை நோக்கிப் பிடித்து விசையை அழுத்தினார். அது பழைய மாவு மிஷின்போல முனகிக்கொண்டு சுட்டது.

"பதினொன்னு. என்கிட்ட லோயர் பரீட்சையில ஃபெயிலான பொண்ணு இதைவிட வேகமாத் தட்டுவா" என்றார் நாத்தனார்.

கருவியும் பதினொன்று என்றது. ஆகவே வியாழனுக்கும் ஞாயிறுக்கும் நடுவில் பதினேழு குண்டு காணாமல் போயிருந்தது.

கிடங்கின் கோடியில், ஜன்னலை ஒட்டி, மெக்கானிக்கின் மேசை. முப்பது வயதுக்காரர். முகம் சுண்டிப் போயிருந்தது. மேசையில் திருப்புளிகள் உயரவாரியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, கூடவே ஓர் அட்டைப்பெட்டியும் இருந்தது. மாலையில் காலி செய்யச் சொன்னால் எதில் எதைப் போடுவது என்று இப்போதே ஒத்திகை பார்க்கிறார் என்று புரிந்தது. ஊரில் இந்த வேலைக்கு வேறு இடம் கிடையாது. இந்த மேசை போனால் தொழில் போகும். தொழில் எந்தக் காரணத்துக்காகப் போனது என்ற பேச்சு வீட்டுக்குள்ளேயும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

துப்பாக்கியை எப்படி வேகமாக்கினீர்கள் என்று துப்பறிவாளர் கேட்டதும் அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. விசையை இழுத்தால் மோட்டார் சுற்றும், மோட்டார் கியரைச் சுற்றும், கியர் ஸ்பிரிங்கைப் பின்னால் இழுத்து விடும், ஸ்பிரிங் காற்றைத் தள்ளும், காற்று குண்டைத் தள்ளும். இதில் ஒவ்வொரு இடத்திலும் சோம்பேறித்தனம் ஒளிந்திருக்கிறது, ஒவ்வொன்றாகப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் என்றார். மெல்லிய ஒயரை எடுத்துவிட்டுத் தடித்த ஒயர் போட்டார். பெரிய பேட்டரி வைத்தார். விசையின் சுவிட்ச் தீய்ந்து போகாமலிருக்க நடுவில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் அட்டை. பெரிய கியரில் மூன்று பல்லை அறுத்து எடுத்தார், ஸ்பிரிங் குறைந்த தூரமே பின்னால் போய்ச் சீக்கிரம் திரும்பட்டும் என்று. அந்தப் பல்லைப் பிடுங்கும்போது பல் டாக்டர் பக்கத்தில் நின்று, தனக்கும் அதே வைத்தியம் செய்யச் சொன்னாராம்.

"ஆனா இத்தனையும் பண்ணிட்டு மோட்டார் நோஞ்சானா இருந்தா ஒன்னும் நடக்காதுங்க. எடுத்த எடுப்புல இழுக்கறதுதான் டிரிக்கரோட உயிரு. அதுக்கு மோட்டாருக்குள்ள காந்தம் வலுவா இருக்கணும். ரெண்டு பேருக்கும் ஒரே மோட்டார்தான் போட்டேன். ஒரே பெட்டியிலேருந்து எடுத்தது."

பேசிக்கொண்டே அவர் மேசையிலிருந்த ஒரு புது மோட்டாரை நகர்த்தினார். நாத்தனார் அப்போதுதான் கொண்டையைச் சரிசெய்ய ஒரு ஹேர்பின்னை எடுத்து மேசையில் வைத்திருந்தார். அது எழுந்து போய் மோட்டாரின் மேல் ஒட்டிக்கொண்டது.

"என் ஹேர்பின்னுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு" என்றார் நாத்தனார்.

துப்பறிவாளர் ஹேர்பின்னைக் கேட்டு வாங்கினார். மோட்டார் இருப்பது துப்பாக்கியின் கைப்பிடிக்குள். செயலாளரின் அலமாரியில் பூட்டி வைத்திருந்த பல் டாக்டரின் துப்பாக்கியை வரவழைத்து, கைப்பிடியின் அடிப்பக்கம் ஹேர்பின்னைக் காட்டினார். டக்கென்று ஒட்டியது. கேப்டனின் துப்பாக்கியில் காட்டினார். ஹேர்பின் தரையில் விழுந்தது. மீண்டும் காட்டினார், மீண்டும் விழுந்தது.

மெக்கானிக் இரண்டு கைப்பிடிகளின் அடித்தகட்டையும் திறந்து, கேப்டனின் மோட்டாரை வெளியே எடுத்தார். எடுத்தவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். தான் மாட்டும் ஒவ்வொரு மோட்டாரின் தலையிலும் அவர் ஒரு பொட்டு வைப்பார். மனைவியின் சிவப்பு நகப்பூச்சில் ஒரு துளி. பல் டாக்டரின் மோட்டாரில் பொட்டு ரத்தச் சிவப்பாக இருந்தது. கேப்டனின் மோட்டாரிலும் பொட்டு இருந்தது. அது பழுப்பு.

"இது என் பொட்டு இல்ல" என்றார் மெக்கானிக். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. மோட்டாரை யாரோ மாற்றியிருக்கிறார்கள். துப்பாக்கியைத் திறக்கக் கூடியவர் என்று கிளப் முழுவதும் நம்புவது ஒரே ஒருவரைத்தான். கேப்டன் கேட்ட ஆதாரத்தைக் குற்றம் சாட்டப்பட்டவரே தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டார். அவர் அட்டைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, முதல் திருப்புளியை உள்ளே வைத்தார்.

வெளியே வந்து பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் நாத்தனார் சொன்னார்: "எனக்கு இந்த ஆளைப் பார்த்தா திருடற முகமாத் தெரியல அண்ணி. திருடறவன் அதே கலர்ல பொட்டு வெக்க மாட்டானா? வீட்லயே நகப்பூச்சு பாட்டில் இருக்கு."

"அதைத்தான் பாக்கப் போறோம்."

பேக்கரி இரண்டு தெரு தள்ளி. மதியம் இரண்டு மணிக்குக் கூட்டமில்லை. கல்லாவில் கேப்டனின் தங்கை உட்கார்ந்திருந்தார். அண்ணன் சரக்கு எடுக்கப் போயிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தங்கை அழவில்லை, கோபப்படவும் இல்லை. மூன்று நாளாக இங்கே அண்ணனின் பெருமூச்சு, வீட்டில் புருஷனின் பெருமூச்சு, நடுவில் தான் மின்விசிறி மாதிரி இரண்டு பக்கமும் திரும்பிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மாலை ஐந்து மணிக்குக் கமிட்டி புருஷனை நீக்கினால், நாளையிலிருந்து தான் இந்தக் கல்லாவில் உட்காரப் போவதில்லை. புருஷனைத் திருடன் என்று சொல்லும் அண்ணனிடமிருந்து கடைச் சாவி வாங்கத் தன்னால் முடியாது.

நகப்பூச்சு பாட்டில் கைப்பையிலேயே இருந்தது. ஒன்றே ஒன்று. சிவப்பு. பழுப்பு நிறத்தை ஜென்மத்தில் வாங்கியதில்லை, அது தனக்கு நகம் அழுகியது மாதிரித் தெரியும் என்றார்.

துப்பறிவாளர் நன்றி சொல்லித் திரும்பியபோது ஓவன் அறையின் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. கேப்டனின் கையெழுத்து. விதிமுறைகள் எழுதும் அரிப்பு அவருக்குக் கிளப்போடு நிற்கவில்லை.

"பொன்னிறத்தில் எடுக்கவும். பழுப்பு என்பது கவனக்குறைவு."

துப்பறிவாளர் அதை ஒரு முறை படித்தார். பிறகு, முத்திரை குத்திய எடைக்கல்லைக் கையில் வாங்கியதும் கனம் சரியில்லை என்று உணர்ந்த பழைய நாட்களில் நிற்பதுபோல, ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்று, இரண்டாம் முறை படித்தார்.

"ஒரு கரண்டி கிடைக்குமாம்மா?"

சாதாரண எவர்சில்வர் கரண்டி வந்தது. துப்பறிவாளர் அதன் முதுகில் ஒரு துளி சிவப்பு நகப்பூச்சு வைத்து, ஊதிக் காயவைத்து, ஓவன்காரரிடம் கொடுத்து, பிஸ்கட்டுக்கு எவ்வளவு சூடோ அவ்வளவு சூட்டில், பிஸ்கட்டுக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் உள்ளே வைக்கச் சொன்னார். ஓவன்காரர் இதைவிட விசித்திரமான ஆர்டர்களைப் பார்த்தவர்போல ஒன்றும் கேட்காமல் வாங்கிப் போனார்.

"பசின்னு ஒரு வார்த்தை சொன்னா நான் பன்னு வாங்கித் தந்திருப்பேன் அண்ணி. கரண்டியை வேகவெச்சுத் தின்ன வேண்டிய நிலைமைக்கா வந்துட்டோம்?"

காத்திருந்த நேரத்தில் துப்பறிவாளர் தங்கையிடம், வியாழனுக்கும் ஞாயிறுக்கும் நடுவில் அண்ணன் ஓவன் பக்கம் வந்தாரா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை மதியம் அண்ணன் பயிற்சி முடிந்து நேரே கடைக்கு வந்ததாகவும், துப்பாக்கிப் பையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்ததாகவும், ஓவன்காரரைச் சாப்பிட அனுப்பிவிட்டுத் தானே பிஸ்கட் தட்டை உள்ளே வைத்ததாகவும் தங்கை சொன்னார். முதலாளி கை வைத்த தட்டு என்பதாலோ என்னவோ, ஒரு வரிசை பிஸ்கட் முழுக்கக் கோணல்.

பன்னிரண்டு நிமிடம் கழித்து மணி அடித்தது. கரண்டி துணியில் சுற்றி வெளியே வந்தது. அதைப் பார்த்த நாத்தனார் வாயைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடினார். இருவரும் உறவான இத்தனை வருடத்தில் அது முதல் தடவை.

"ஆபீஸ் டிராயர்ல ஒரு கவர் இருக்குமே. அதை எடுத்துட்டு நேரா கிளப்புக்கு வந்துடு. நீங்களும் வாங்கம்மா, கரண்டி உங்க கடையோடது" என்றார் துப்பறிவாளர்.

ஐந்து மணிக்குக் கமிட்டி கூடியது. ஒரு நீள மேசை, செயலாளரும் இரண்டு உறுப்பினர்களும். சுவரோரம் மெக்கானிக், மடியில் அட்டைப்பெட்டி. கதவருகே தங்கை. கேப்டன் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். உறவு வேறு, ஒழுங்கு வேறு, விதி என்பது எழுதியவனுக்கும் பொது என்று கணீரென்று வாசித்து முடித்து, மேடம் இப்போது ஆதாரத்தைக் காட்டுவார் என்று உட்கார்ந்தார்.

துப்பறிவாளர் எழுந்து, கேப்டன் துப்பாக்கியில் இருந்து எடுத்த மோட்டாரை மேசைமேல் நிற்க வைத்தார். ஹேர்பின்னை அருகில் வைத்தார். ஹேர்பின் அசையவில்லை. பழுப்புப் பொட்டைக் காட்டினார்.

"பாத்தீங்களா, மாப்பிள்ளையோட பொட்டு சிவப்பு. இது வேற மோட்டார்" என்றார் கேப்டன்.

துப்பறிவாளர் கரண்டியை எடுத்து மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்தார். அதிலும் ஒரு பொட்டு. அதே பழுப்பு.

"இன்னைக்கு மதியம் ரெண்டு மணிக்கு இந்தப் பொட்டு சிவப்பா இருந்துச்சு. உங்க தங்கை பாட்டில்லேருந்துதான் வெச்சேன். உங்க ஓவன்ல பன்னெண்டு நிமிஷம் இருந்துட்டு வந்திருக்கு."

கேப்டன் கரண்டியைப் பார்த்தார். மோட்டாரைப் பார்த்தார். பழுப்பு என்பது எதன் அடையாளம் என்று அந்த அறையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் ஒரு ரொட்டிக்காரருக்கு ரொட்டியில்தான் அது தெரியும், மோட்டாரில் தெரியாது. 

"யாரு வேணா சூடு பண்ணியிருக்கலாமே" என்றார். குரலில் கணீர் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் மூச்சு வாங்க உள்ளே வந்தார். பழுப்புக் கவரைப் பிரித்து, பிறை பிஸ்கட்டை எடுத்து, ஒரு கையால் பிடித்து மோட்டாரின் பக்கவாட்டில் மெல்லத் தள்ளினார். பிஸ்கட்டின் வளைவு மோட்டாரின் உருளையில் இம்மி பிசகாமல் போய்ப் பொருந்தியது. வளைவின் நடுவிலிருந்த மெல்லிய மேடு, மோட்டார் கூட்டின் இரண்டு ஓரமும் சேரும் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. மாவு சூட்டில் இளகிப் பரவும்போது தட்டில் பக்கத்தில் நின்ற ஆசாமியை அப்படியே அணைத்துக்கொண்டு வெந்திருக்கிறது.

"காலைல எங்க அண்ணி கடிச்சதுன்னு தப்பா வழக்கு போட்டுட்டேன். வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார் நாத்தனார்.

 செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிஸ்கட் அப்போதும் பொருந்தித்தான் இருந்தது.

கேப்டன் உட்கார்ந்தபடியே சொன்னார். வெள்ளிக்கிழமை பயிற்சிக்குப் பையில் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்திருந்தார். மூடி சரியாக மூடவில்லை. பை முழுக்க ஈரம், கைப்பிடிக்குள் தண்ணீர் இறங்கி மோட்டார் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மாப்பிள்ளையிடம் கொண்டுபோனால் எப்படி நனைந்தது என்று கேட்பார். கிளப்புக்குத் தெரியும். பதினாலாவது விதியை எழுதியதே அவர்தான். அடித்தகட்டைத் தானே கழற்றி மோட்டாரை எடுத்தார்; ஈரமான ஒரு பொருளைக் காயவைக்க இருபது வருடமாக அவருக்குத் தெரிந்த ஒரே வழி ஓவன்தான்.

"எவ்வளவு சூடு மச்சான் வெச்சீங்க?" என்று மெக்கானிக் கேட்டார். மூன்று நாளில் அவர் மச்சானிடம் பேசிய முதல் வார்த்தை.

"நூத்தி எண்பது."

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். சொந்தக்காரர் ஒருவருக்கு வந்த வியாதியைக் கேட்பதுபோல இருந்தது அவர் முகம்.

"காந்தத்துக்குச் சூடு ஆகாது மச்சான். இந்த மாதிரி காந்தம் எண்பது டிகிரியைத் தாண்டினாலே தான் யாருன்னு மறக்க ஆரம்பிச்சிடும். அப்புறம் சுத்தும், ஆனா இழுக்காது."

"நான் அதைக் கெடுக்கணும்னு நினைக்கல மாப்பிள்ளை. நல்லாக் காய்ஞ்சுதேன்னு சந்தோஷப்பட்டேன். வெளிய எடுக்கும்போது பன்னு மாதிரி கதகதன்னு இருந்துச்சு." கேப்டன் தான் எழுதி வந்த இரண்டு பக்கத்தையும் மடித்தார். "அதே மோட்டாரா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. சனிக்கிழமை துப்பாக்கி கிளப்புல இருந்தப்ப நீங்கதான் மாத்திட்டீங்கன்னு நினைச்சேன். தப்பு."

"பொன்னிறமா வந்துச்சா?" என்று நாத்தனார் அக்கறையாக விசாரித்தார். துப்பறிவாளர் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தார்.

கதவருகிலிருந்து தங்கை நடந்து வந்தார். மேசையிலிருந்த கரண்டியை எடுத்துத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதன்முறையாக அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"நாளைலேருந்து தட்டை ஓவன்காரர்தான் வெப்பாரு. நீ ஓவன் பக்கம் போகக் கூடாது. கதவுல நானே எழுதி ஒட்டறேன்."

கேப்டன் தலையாட்டினார். மெக்கானிக் அட்டைப்பெட்டியிலிருந்து திருப்புளிகளை ஒவ்வொன்றாக எடுத்து, உயரவாரியாகச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

அன்றைய கூட்டக் குறிப்பில் மூன்று தீர்மானங்கள் பதிவாயின. மெக்கானிக் மேசையோடு தொடர்ந்து கிளப்பில் இருப்பார். கேப்டன் விதி பதினாலின்படி ஒரு மாதம் நீக்கம். தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார். கோப்பை பல் டாக்டரிடமே இருக்கும்.

கேப்டனின் துப்பாக்கியில் புதன்கிழமை புது மோட்டார் மாட்டப்பட்டது. கருவி இருபத்தெட்டு என்று காட்டியது. பேக்கரி வழக்கம்போல ஏழு மணிக்குத் திறந்தது. தங்கை கல்லாவில் இருந்தார். பிறை பிஸ்கட் சான்றுப் பொருளாகக் கிளப் கோப்பில் சேர்க்கப்பட்டது. வெள்ளிக்கிழமை எறும்பு வந்ததால் அகற்றப்பட்டது.